கல்யாண மகால் படிக்கட்டில் பன்னிரண்டு பேர்

செஞ்சி தாலுக்காவில் கடந்த பதினெட்டு வருஷத்தில் கண்ணை மூடிய ஆண்களில் பாதிப்பேர் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டுதான் மேலே போயிருக்கிறார்கள். இளநீலம், முழுக்கை, பையில் ஒரு பேனா. அந்தச் சட்டை கலைமதியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க வெற்றுடம்பில் துண்டோடு கழனியில் நின்றவருக்கும் அதுதான், பஸ் ஸ்டாண்டில் குடை ரிப்பேர் செய்தவருக்கும் அதுதான். மேலே வாசலில் நின்று ஆள் சரிபார்க்கிறவர் எந்த ஊர் என்று கேட்கவே வேண்டியதில்லை. சட்டையைப் பார்த்ததும், ‘செஞ்சியா, அப்படி ஓரமா நில்லு’ என்று சொல்லிவிடலாம்.

திருவண்ணாமலை ரோட்டில் மருந்துக்கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவில் பத்துக்குப் பன்னிரண்டு அளவில் ஒரு கடை. வெளியே ‘மதி கிராபிக்ஸ்’ என்று போர்டு. உள்ளே ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு ஸ்கேனர், ஒரு கம்ப்யூட்டர். கலைமதியும் அவள் புருஷன் அன்புச்செல்வனும் நடத்துகிற கடை. இருவருமே திண்டிவனத்தில் ஒரு கலர் லேபில் வேலை பார்த்தவர்கள். இருட்டறையில் பிலிம் கழுவிக்கொண்டே பேசிப் பழகி, வெளிச்சத்தில் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். கடை வைத்ததும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். கல்யாணம், காதுகுத்து, கட்சி எல்லாம் அவனுக்கு. சாவு அவளுக்கு.

சாவு வேலை லேசுப்பட்டதில்லை. எண்பது வருஷம் வாழ்ந்த மனிதருக்குத் தனியாக ஒரு படம் இருக்காது. பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு முகம் வேண்டும். மஞ்சள் பையில் யாருடைய கல்யாணக் குரூப் போட்டோவையாவது கொண்டுவந்து நீட்டுவார்கள்.

“மூணாவது வரிசையில, வாயப் பொளந்துகினு நிக்கிறாரே, அவருதாம்மா எங்க நைனா. கொஞ்சம் வாய மூடிக் குடுத்துடு.”

கலைமதி வாயை மூடுவாள். கண்ணைத் திறப்பாள். கன்னத்தில் அதக்கிய புகையிலையை எடுப்பாள். ஒரு அம்மாள் தன் புருஷனின் கோபத்தைக் கொஞ்சம் குறைத்துத் தரச் சொன்னாள், புருவத்தை இரண்டு நூல் மேலே தூக்கி அதையும் செய்து கொடுத்தாள். அனந்தபுரத்துக்காரர்கள் ஒரு தடவை ஆளை மாற்றிக் காட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் முகம் பெரிதாகி, நீலச்சட்டை போட்டு, மாலையோடு பந்தலில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரரே காரியச் சாப்பாட்டுக்கு வந்தார், தன் படத்துக்கு முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டார், வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போனார். ‘நல்லா இருந்துச்சு, எனக்கும் அதையே வச்சிடுங்க’ என்று வீட்டில் சொன்னாராம்.

முகத்தை வெட்டி எடுத்த பிறகு மீதிப் படம் மிஞ்சும். மற்ற கடைக்காரர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கலைமதி முழுப் படத்தையும், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும், நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து ஒரு போல்டரில் போட்டு வைத்தாள். போல்டருக்கு ‘மிச்சம்’ என்று பெயர். முதலில் ஒரு பழக்கமாகத்தான் செய்தாள். ஐநூறு படம் சேர்ந்த பிறகு ஒருநாள் உட்கார்ந்து வரிசையாகப் பார்த்தபோது அவளுக்கு மயிர்க்கூச்செடுத்தது. அதில் ஊர் இருந்தது. ஒரு மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் மாட்டுவண்டிகள் நிறைந்த காந்தி பஜார் இருந்தது. ஒரு குழந்தையின் மொட்டைத் தலைக்கு மேலே, இரண்டே இரண்டு பஸ் நிற்கிற பஸ் ஸ்டாண்டு. மேல்சித்தாமூர் ஜைனக் குடும்பம் ஒன்றின் படத்தில் மடத்துத் தேர், அதன் வடத்தைப் பிடித்து நிற்கும் எழுபது எண்பது பேர்.

மஞ்சள் பைக்குள் பழைய தபால் கார்டுகளும் வரும். கோட்டைப் படம் போட்ட கார்டுகளை அவள் தனியாக எடுத்து வைத்தாள். அவற்றில் ராஜகிரி இருக்கும், கிருஷ்ணகிரி இருக்கும், ஆனைக்குளம் இருக்கும், ஒரு மனுஷன் இருக்கமாட்டான். ‘மிச்சம்’ போல்டரில் நேர்மாறு. மனுஷர்கள் முன்னால் நிற்பார்கள், கோட்டை பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும். கலைமதி வருகிறவர்களை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு தலையாகத் தொட்டுக் கேட்பாள். இது யாரு, அது யாரு, இந்தக் கடை யாருடையது. பெயர் தெரியாத தலைக்கு அடுத்த வீட்டில் விசாரிப்பாள். கரஸ்பாண்டன்ஸில் பி.காம். முடித்தவள், சரித்திரம் என்று தனியாகப் படித்ததில்லை. ஆனால் செஞ்சியில் எந்த வருஷம் எந்தப் புளியமரம் வெட்டினார்கள் என்று கேட்டால், வெட்டினவன் பெயரோடு சொல்லுவாள்.

புருஷனுக்கு இந்தச் சிரத்தை கிடையாது. அவன் கை வேகமான கை. கல்யாணப் போட்டோவில் குறுக்கே வந்த தண்ணீர் லாரியை மூன்று நிமிஷத்தில் அழித்துவிடுவான். ஆனால் அழித்த இடத்தை நிரப்ப எப்போதும் படத்தின் இடது பக்கத்திலிருந்துதான் ஒரு துண்டு எடுத்து ஒட்டுவான்.

“இங்க இருக்கிற புதரு அங்கயும் இருக்குது பாருங்க” என்பாள்.

“எவன் கண்டுபிடிக்கப் போறான்?”

“நான் கண்டுபிடிச்சனே.”

“நீ பொண்டாட்டி. உனக்கு அதான வேல.”

சிரித்துக்கொண்டே சொல்லுவான். அவளும் சிரிப்பாள். பதினெட்டு வருஷமும் அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் இரண்டு நாற்காலி, ஒரே கீபோர்டு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மேஸ்திரி ஆதிமூலம் செத்துப்போனார். தொண்ணூற்றொரு வயது. கோட்டை மராமத்து வேலைக்கு ஒரு காலத்தில் ஆள் கட்டி வேலை வாங்கினவர். அவர் மகன் நெடுமாறன், ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு கவரோடு கடைக்கு வந்தார்.

“ஏம்மா கலை, அப்பா பெட்டியில இது ஒண்ணுதான் இருந்துச்சு. முகம் தெளிவா இருக்குது. எடுத்துக் குடுத்துடு.”

கறுப்பு வெள்ளைப் படம், தபால் கார்டு அளவு. கோட்டைக்குள் அடுக்கடுக்காக நிற்கும் கல்யாண மகாலின் படிக்கட்டு. ஓரத்தில் மேஸ்திரி குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையை நீட்டி எதையோ காட்டி அதட்டுகிறார். படி முழுக்கப் பெண்கள். பன்னிரண்டு பேர், தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் கல் கூடை. மேஸ்திரியை ஒருத்தியும் லட்சியம் செய்யவில்லை. எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

கலைமதி பெரிதாக்கினாள். நாலாவது படியில் நிற்கிறவளின் முன்பல் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்தது. அந்தப் பல்லை அவள் தினமும் வீட்டில் பார்க்கிறாள். அவள் அம்மா ராஜம்மாள். இருபத்திரண்டு வயதிருக்கும்.

கார்டைத் திருப்பினாள். பாண்டிச்சேரி முத்திரை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு. முகவரி ஆங்கிலத்தில் இருந்தது. ‘கல்யாண மகாலில் கல் சுமக்கும் பெண்களுக்கு, செஞ்சிக் கோட்டை.’ கீழே ஒரே ஒரு வரி, ‘சொன்னபடி அனுப்பியிருக்கிறேன்.’

இந்தக் கதை கலைமதிக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அரைக்கால் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரன் வந்தான், எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துப் போட்டோ பிடித்தான், அனுப்புகிறேன் என்று சத்தியம் செய்தான், ஏமாற்றிவிட்டான். ராஜம்மாள் வாயில் ஏமாற்றுக்காரன் என்றாலே அந்த வெள்ளைக்காரன்தான். அரிசி எடை குறைந்தால், ‘அந்தத் தொரை மாதிரியே பண்றான் பாரு’ என்பாள்.

அன்று மாலை கலைமதி ஒரு பிரிண்டு எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் மடியில் வைத்தாள். ராஜம்மாள் வெகுநேரம் பார்த்தாள். சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். பிறகு விரலை வைத்து ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். குப்பு, பட்டம்மா, சின்னப்பொண்ணு, தைலம்மா, ஆண்டாளு. பன்னிரண்டும் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்.

“அப்ப அந்தாளு அனுப்பிட்டானா?”

“ரெண்டே மாசத்துல அனுப்பிட்டாரும்மா. தபால்காரரு மேஸ்திரி கையில குடுத்துருக்காரு.”

“அம்பது வருஷமா அந்தத் தொரையத் திட்டினேனேடி.” ராஜம்மாள் படத்தைக் கவிழ்த்து வைத்தாள். “தெனமும் கூலிக்கு மேஸ்திரி மூஞ்சியில தாண்டி முழிச்சோம். ‘கார்டு எதனா வந்துச்சாங்க?’ன்னு குப்பு கேட்டுகினே இருந்தா. ‘வெள்ளக்காரன் உனக்கு லெட்டர் போடுவானா’ன்னு சிரிச்சாரு. பொட்டிக்குள்ள வச்சிகினு சிரிச்சிருக்காரு.”

கலைமதி மறுநாளே நெடுமாறனிடம் போய் நேரில் சொன்னாள். அவர் முகம் செத்துப்போனது. கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்கப்பா பண்ணது தப்பும்மா” என்றார். “எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்பவே குடுத்துருப்பேன். ஒரு நாள் இதுக்கு நானே ஒரு வழி செய்யறேன். பன்னெண்டு பேரும் பேரோட ஊர்ல தெரியணும். நான் செய்யறேன், பாரு.”

ஒரு ஹெட்மாஸ்டர் அப்படிச் சொன்னதில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ‘பெரிய மனுஷன்னா அவருதாங்க’ என்று புருஷனிடம் சொன்னாள்.

போன வருஷம் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு செஞ்சியில் எல்லோருக்கும் திடீரென்று பழங்காலப் பற்று வந்துவிட்டது. டீக்கடைக்காரர் மன்னர் வம்சம் என்றார். குரங்குகள்கூடப் பரம்பரைக் குரங்குகள் ஆயின. நெடுமாறன் பத்துப் பேரைச் சேர்த்து ஒரு குழு வைத்து, பழைய படங்களும் தபால் கார்டுகளும் கொண்ட கண்காட்சி, கூடவே ஒரு புத்தகம் என்று அறிவித்தார். கலைமதியிடம் வந்து கேட்டார். அவள் ‘மிச்சம்’ போல்டரை மொத்தமாகக் கொடுத்தாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். எந்தப் படமானாலும் அதிலிருக்கிறவர்கள் பெயரோடு மாட்ட வேண்டும்.

“அதுக்கென்னம்மா. உங்கம்மா படம்தான் வாசல்லயே. பதினாறடிக்குப் பத்தடி.”

பன்னிரண்டு பேரில் மூன்று பேர்தான் மிச்சம். ராஜம்மாள், தைலம்மாள், ஆண்டாள். மூவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. ஆண்டாளுக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது, இன்னொன்று எவ்வளவு நாளைக்கு என்று தெரியாது. பெயரோடு படம் மாட்டுவார்கள் என்று கலைமதி மூவருக்கும் நேரில் வாக்குக் கொடுத்தாள். செத்தவர்கள் ஒன்பது பேரின் வீடுகளையும் தேடிப் போனாள். குப்புவின் மகள் அனந்தபுரத்தில் இருந்தாள், சின்னப்பொண்ணின் பேரன் பெங்களூரில். தகப்பன் பெயர், ஊர், எல்லாம் சரிபார்த்து எழுதிக்கொண்டு வந்தாள். மூன்று மாதம் இதுதான் அவள் பேச்சு. சோறு போடும்போதும் அதுதான்.

“பட்டம்மாவுக்குச் சொந்த ஊரு நம்ம ஊரே இல்லீங்க. மேல்சித்தாமூரு பக்கம்.”

அன்புச்செல்வன் தட்டைப் பார்த்துக்கொண்டே, “எல்லார் பேரும் போட்டா எழுத்து பொடிசாயிடும் கலை” என்றான். கண்காட்சிக்குப் பெயர் அட்டை அடிக்கிற வேலையை நெடுமாறன் அவனிடம்தான் கொடுத்திருந்தார், அதனால் அவள் அதையும் வேலைத் தொந்தரவு என்றே எடுத்துக்கொண்டாள்.

திறப்புவிழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விழுப்புரம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில். அன்புச்செல்வன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு விடியும் முன்னே போய்விட்டான். கலைமதி மூன்று கிழவிகளையும் ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒன்பது மணிக்குக் கிளம்பினாள். ஆண்டாள் மருமகளின் பட்டுச்சேலையைக் கட்டியிருந்தாள். தைலம்மாள் தலையில் ஒரு முழம் கனகாம்பரம்.

“இன்னாடி, கல்யாணப் பொண்ணு மாதிரி கீற” என்றாள் ராஜம்மாள்.

“பதினாறடி உசரத்துல என்னப் பாக்கப் போறாங்க. கீழ நிக்கிறவளும் கொஞ்சம் நல்லா இருக்க வாணாமா?” என்றாள் தைலம்மாள்.

ஆட்டோவிலிருந்து இறங்கியதுமே தெரிந்தது. வாசலில் பெரிய பிளக்ஸ். கல்யாண மகால் அடுக்கடுக்காக உயர்ந்து நின்றது. படிக்கட்டு துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. ஓரத்தில் மேஸ்திரி ஆதிமூலம், குடையும் நீட்டிய கையுமாக, ஆளில்லாத படிகளை அதட்டிக்கொண்டிருந்தார். கீழே கொட்டை எழுத்தில், ‘கல்யாண மகாலைச் செப்பனிட்டவர், அமரர் ஆதிமூலம்.’ பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வட்டம் போட்டு இடம்கூட விட்டிருந்தார்கள்.

கலைமதி மேஸ்திரியைப் பார்க்கவில்லை. அவள் கண் பழக்கப்பட்டபடி படிகளுக்குப் போனது. பழைய படத்தில் இடது பக்க வளைவின் கீழ் ஒரு காக்கை உட்கார்ந்திருக்கும். இப்போது நாலாவது படியில் ஒரு காக்கை இருந்தது. ஏழாவது படியில் ஒன்று. வலது கோடியில் இன்னொன்று. எல்லாம் ஒரே காக்கை, ஒரே பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு. அவள் அம்மா நின்ற இடத்தில் ஒரு காக்கை.

உலகத்தில் வேறு யார் அழித்திருந்தாலும் அவளால் அடையாளம் சொல்லியிருக்க முடியாது. இந்தக் கையை அவளுக்குத் தெரியும். பிளக்ஸின் அடியில், வலது மூலையில், ‘வடிவமைப்பு, அன்புச்செல்வன்’ என்று போட்டிருந்ததை அவள் அதற்குப் பிறகுதான் படித்தாள்.

ஆண்டாள் பார்வை இருந்த கண்ணை இடுக்கிக்கொண்டு, “நான் எங்கடி கீறேன்?” என்று கேட்டாள்.

தைலம்மாள், “இது நாம சாப்பாட்டுக்குப் போனப்புறம் புடிச்சது போல” என்றாள். அவளுக்கே அது நம்பும்படி இல்லை.

ராஜம்மாள் தன்னைத் தேடவில்லை. பிளக்ஸின் கீழேயிருந்து மேலே வரைக்கும் பார்த்தாள். “மேஸ்திரி நல்லாத்தான் கீறாரு. ஆளே இல்லாத எடத்துல யார வெரட்டுறாரு?” என்றாள்.

நெடுமாறன் வாசலுக்கு ஓடிவந்தார். சந்தனம், பன்னீர்ச் செம்பு எல்லாம் தட்டில் இருந்தது. “வாங்க, வாங்க. உள்ள உக்காருங்க. ரோஸ்மில்க் குடுக்கச் சொல்றேன்.”

“சார், பேரு போடறதாச் சொன்னீங்க” என்றாள் கலைமதி.

“கோச்சிக்காதம்மா. இது கோட்டையப் பத்தின கண்காட்சி. பன்னெண்டு பொம்பளைங்க நின்னா மகாலே மறையுது.”

“உங்கப்பா மறைக்கலையா?”

“அவரு ஓரமா நிக்கிறாரு.”

“அவங்கதான சார் கல்லு தூக்கினாங்க. இவரு குடையத்தான தூக்கினாரு.”

நெடுமாறன் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஏம்மா, பேரப் போட்டா கதை கேப்பாங்க. கதையச் சொன்னா எங்கப்பா கார்ட ஒளிச்சி வச்ச கதையும் வரும். செத்துப்போன மனுஷன ஊரு முன்னாடி நிறுத்தச் சொல்றியா? நீயே சாவு வேலை செய்யற பொண்ணு. உனக்குத் தெரியாதா?”

அவர் அன்றைக்குக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த முகம் அவளுக்கு நினைவு வந்தது. அன்று அவர் சொன்னது பொய்யில்லை. மூன்று வருஷத்தில் மெதுவாகப் பொய்யாகியிருக்கிறது. அது எப்போது நடந்தது என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

அன்புச்செல்வன் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். சட்டையில் ‘குழு’ என்று ஒரு பேட்ஜ். ராஜம்மாள் அவனைக் கையசைத்துக் கூப்பிட்டாள். வந்தான்.

“யாரு மாப்ள அழிச்சது?”

“அத்த, சாருதான்...”

“சாருக்குக் கம்ப்யூட்டரு தெரியுமா?”

அவன் தரையைப் பார்த்தான். “நான் மொதல்ல முடியாதுன்னுதான் சொன்னேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் செஞ்சேன்.”

ராஜம்மாள் தலையை ஆட்டினாள். சந்தையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்கிறவள் மாதிரி ஒரு ஆட்டு. தைலம்மாள், “பாவம், மேஸ்திரி ஒண்டியா நிக்கிறாரு. வாங்கடி, போயி நிப்போம்” என்றாள்.

மூன்று பேரும் பிளக்ஸுக்கு முன்னால் போய் நின்றார்கள். ஒட்டி நிற்கவில்லை.

“தள்ளி நில்லு தைலம்மா. அது குப்பு எடம்.”

“அப்ப பட்டம்மா எங்க?”

“உனக்கு அந்தாண்ட. ஆண்டாளு, நீ இன்னும் ரெண்டு ஆளு தாண்டிப் போ.”

நடுவில் ஆளில்லாத இடங்களை விட்டுவிட்டு, பட்டுச்சேலையும் கனகாம்பரமுமாக மூன்று கிழவிகள் நின்றார்கள். செல்பி எடுக்க வந்த காலேஜ் பெண்கள் சிரித்தார்கள், பிறகு என்னவோ தோன்றி நிறுத்திக்கொண்டார்கள். பத்து நிமிஷம் அப்படி நின்றார்கள். அதற்குள் சிறப்பு விருந்தினரின் கார் வந்துவிட்டது. பேட்ஜ் போட்ட இருவர், “ஆயா, கொஞ்சம் இப்படி வாங்க, ரோஸ்மில்க் சூடாயிடும்” என்று மரியாதையாகக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்ப் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. சிறப்பு விருந்தினர், நெடுமாறன், மேஸ்திரி.

கலைமதி உள்ளே போகவில்லை. கடைக்கு நடந்தே வந்தாள். கொஞ்ச நேரத்தில் அன்புச்செல்வனும் வந்தான். பேட்ஜைக் கழற்றியிருந்தான்.

“புக்ல பேரு போடறேன்னாரு கலை. உள்பக்கத்துல, தனி வரியில. பதினெட்டு வருஷமா கல்யாணக்காரன் பேரும் கட்சிக்காரன் பேரும்தான் அடிச்சிகினு இருக்கேன். என் பேரு ஒரு தடவ அச்சுல வரட்டுமேன்னு தோணுச்சு.”

“அதுக்கு எங்கம்மா பேரு போவணுமா?”

“ஒரிஜினல் இருக்குதே. நான் இன்னா கிழிச்சா போட்டுட்டேன்? பைல் பத்திரமாத்தான் இருக்குது.”

“எப்ப செஞ்சீங்க?”

“ஆடி மாசம்.”

ஆடி மாசம் அவள் குப்புவின் மகளைப் பார்க்க அனந்தபுரம் பஸ் ஏறிய மாசம். ஒரு நாள் மத்தியானம் திரும்பி வந்தபோது அவன் திரையில் எதையோ சட்டென்று மூடினான். ‘இன்னாங்க வேல?’ என்று கேட்டாள். ‘கட்சி பேனர்’ என்றான். அவள் பரோட்டாக் கடையிலிருந்து டீ வாங்கிவந்து அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். அந்த டீயைக் குடித்துவிட்டு அவன் மீதியை அழித்திருக்கிறான். அம்மாவை முதலில் அழித்தானா, கடைசியிலா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் அதோடு வாழ முடியாது என்று தோன்றியது.

அந்த வாரம் அவள் முழுப் படத்தையும் தபால் கார்டு அளவில் பன்னிரண்டு பிரிண்டு போட்டாள். பின்பக்கத்தில் பன்னிரண்டு பெயர்களையும் தன் கையாலேயே எழுதினாள். வெட்டுகிறேன், ஒட்டுகிறேன் என்று அன்புச்செல்வன் வந்து நின்றான், அவள் நகரவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி, போஸ்ட் ஆபீஸில் கொண்டுபோய்ப் போட்டாள். பெங்களூர்ப் பேரன் போன் செய்து அழுதான். ஆண்டாள் கார்டை மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “நான் இவ்ளோ கறுப்பாவா இருந்தேன்?” என்று கேட்டாள். ராஜம்மாள் தன் கார்டை எங்கே வைத்தாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. மருமகனோடு பேசத்தான் செய்தாள். சாப்டியா, தண்ணி வேணுமா என்று எல்லாம் கேட்டாள். ‘மாப்ள’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டாள். அவன் அதைக் கவனித்தான், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை கடையில் கூட்டம். சேத்துப்பட்டு ரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், இழவு பேனருக்காகக் காத்திருந்தது. கலைமதி ஜெராக்ஸ் மெஷினுக்குப் பேப்பர் வைத்துக்கொண்டிருந்தாள். அன்புச்செல்வன் கம்ப்யூட்டரைப் போட்டான். திரையில் ஒரு பெட்டி வந்து பாஸ்வேர்டு கேட்டது. பதினெட்டு வருஷத்தில் அந்தக் கம்ப்யூட்டர் ஒருவரிடமும் பாஸ்வேர்டு கேட்டதில்லை.

“கலை, இன்னா இது?”

அவள் பேப்பர் கட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அவனைத் தாண்டிக் குனிந்தாள். ஏடிஎம்மில் முன்பின் தெரியாதவன் பின்னால் நிற்கும்போது செய்கிற மாதிரி இடது கையை வளைத்து மறைத்துக்கொண்டு, வலது கையால் அடித்தாள். திரை திறந்தது. அன்புச்செல்வன் திரையைப் பார்க்கவில்லை. மறைத்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எவ்ளோ நாளைக்கு?” என்று மெதுவாகக் கேட்டான்.

“தெரியல” என்றாள் அவள். உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.